தடிமனும் உடற்பயிற்சியும்

தடிமன் கண்டிருக்கும் நாள்களில் வழக்கமான உடற்பயிற்சியைத் தொடர்வதா, குறைப்பதா, நிறுத்துவதா என்பது விளையாட்டு மருத்துவத்தில் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டுவரும் ஒரு கேள்வி ஆகும். வயது வந்த ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக இரண்டு அல்லது மூன்று முறை தடிமன் வருவதால், ஒழுங்காகப் பயிற்சி செய்யும் எவரும் இக்கேள்வியைத் திரும்பத் திரும்பச் சந்திக்க நேர்கிறது. நோய்க்குறிகள் மூக்கு, தொண்டை அளவில் நின்றால் மிதமான பயிற்சி தீங்கு செய்வதில்லை என்றும், காய்ச்சல், உடல்வலி, நெஞ்சுச் சளி போன்றவை இருந்தால் பயிற்சியை நிறுத்த வேண்டும் என்றும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இவ்வறிவுரை கழுத்து விதி என்று அழைக்கப்படுகிறது.

பெயர்கள்

இந்நோய் இலங்கைத் தமிழில் தடிமன் என்றும், தமிழ்நாட்டில் சளி, சலதோசம் என்றும், சித்த மருத்துவ வழக்கில் நீர்க்கோவை என்றும் வழங்கப்படுகிறது. பேச்சு வழக்கில் மூக்கு ஒழுகுவதில் தொடங்கி கடுங்காய்ச்சலுடன் வரும் இன்புளுயன்சா வரை அனைத்தும் "சளி பிடித்தல்" என்றே சொல்லப்படுவதுண்டு. பயிற்சியைத் தொடர்வது பற்றிய முடிவில் இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பது முதன்மையானது. தடிமன் மெல்ல மெல்லத் தொடங்கும். காய்ச்சல் இராது அல்லது சிறிதளவே இருக்கும். இன்புளுயன்சா திடீரெனத் தொடங்கும். உயர்ந்த காய்ச்சல், உடல்வலி, கடும் சோர்வு ஆகியவற்றை உடன் கொண்டுவரும்.

நோயின் தன்மை

தடிமன் மேல் மூச்சுப்பாதையில் வைரசுகளால் (தீநுண்மிகளால்) ஏற்படும் தொற்று ஆகும். 200 இற்கும் மேற்பட்ட வைரசு வகைகள் இதனை உண்டாக்குகின்றன. அவற்றுள் ரைனோவைரசுகளே மிகுதியாகக் காணப்படுபவை. கொரோனா வைரசுகளுள் சில, அடினோவைரசுகள், என்டெரோவைரசுகள் முதலியனவும் இதற்குக் காரணமாகின்றன. வைரசு உட்புகுந்து ஒன்று முதல் மூன்று நாள்களில் குறிகள் தோன்றுகின்றன. இரண்டாம், மூன்றாம் நாள்களில் அவை உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் 7 முதல் 10 நாள்களில் தாமாகவே அடங்குகின்றன. இருமல் மட்டும் சிலருக்கு மேலும் சில நாள்கள் நீடிக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வைரசுகளின்மீது செயற்படுவதில்லை.

ரைனோவைரசு பொதுவாக மூக்கு, தொண்டை ஆகியவற்றின் உட்படலத்தோடு நின்றுவிடுகிறது. இதயம், தசைகள் போன்ற உறுப்புகளை அது தாக்குவது அரிது. ஆனால் தடிமன் போன்ற குறிகளுடன் தொடங்கும் எல்லா நோய்களும் இவ்வாறு நின்றுவிடுவதில்லை. எந்த வைரசு தொற்றியுள்ளது என்பதை நோயாளி வீட்டிலிருந்தவாறே அறிவது பெரும்பாலும் இயலாது. எனவே வைரசின் பெயரைக்கொண்டு அல்லாமல், உடலில் தோன்றும் குறிகளைக்கொண்டு முடிவெடுக்க வேண்டியுள்ளது.

கழுத்து விதி

அமெரிக்காவின் ஓக்லகோமா பல்கலைக்கழக மருத்துவர் ராண்டி ஐக்னர், 1993 ஆம் ஆண்டில் விளையாட்டு மருத்துவ இதழொன்றில் எழுதிய கட்டுரையில் இவ்விதியை முன்வைத்தார். நினைவில் வைப்பதற்கு எளிதாக இருந்தமையால் பயிற்றுநர்களிடையே இது விரைவில் பரவியது. இதன்படி நோய்க்குறிகள் கழுத்தை எல்லையாகக் கொண்டு இரண்டாகப் பிரிக்கப்படுகின்றன.

கழுத்திற்கு மேற்பட்ட குறிகள்:
• மூக்கு ஒழுகுதல், மூக்கடைப்பு
• தும்மல்
• தொண்டைக் கரகரப்பு, இலேசான தொண்டை வலி

கழுத்திற்குக் கீழ்ப்பட்ட அல்லது உடல் முழுவதற்குமான குறிகள்:
• காய்ச்சல், குளிர் நடுக்கம்
• தசைவலி, மூட்டுவலி
• நெஞ்சிலிருந்து சளியுடன் வரும் இருமல், மூச்சிரைப்பு
• வாந்தி, வயிற்றுப்போக்கு
• வழக்கத்துக்கு மாறான களைப்பு

முதல் வகைக் குறிகள் மட்டும் இருப்பின், வழக்கமான வேகத்தில் பாதியளவில் 10 நிமிடங்கள் பயிற்சி செய்து பார்க்கலாம். அதன்பின் உடல் இலகுவாகத் தோன்றினால் மிதமான அளவில் தொடரலாம். தலை கனத்தல், தலைவலி, சோர்வு கூடுதல் ஆகியவை தோன்றினால் அன்றைய பயிற்சியை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகைக் குறிகளுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் பயிற்சி கூடாது.

உடலை அசைக்கத் தொடங்கியதும் மூக்கடைப்பு விலகுவது பலரும் உணர்ந்த ஒன்றாகும். பயிற்சியின்போது பரிவு நரம்பு மண்டலம் தூண்டப்பட்டு மூக்கின் உட்படலத்திலுள்ள இரத்தக்குழாய்கள் சுருங்குவதே இதற்குக் காரணம். இது தற்காலிக விளைவு மட்டுமே. மூக்கு திறந்துகொள்வதால் நோய் குறைந்துவிட்டதாகப் பொருள் இல்லை.

ஆய்வுகள்

தடிமனின்போது பயிற்சி

இக்கேள்வியை நேரடியாகச் சோதித்த ஆய்வுகளுள் நன்கு அறியப்பட்டவை, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலுள்ள பால் இசுடேட் பல்கலைக்கழகத்தில் தாமசு வைட்னரும் உடன் பணியாற்றியவர்களும் 1990களில் நடத்தியவை ஆகும். 1998 இல் வெளியான ஆய்வில் 50 மாணவர்களுக்கு மூக்கின் வழியாக ரைனோவைரசு செலுத்தப்பட்டது. அவர்களுள் 34 பேர் 10 நாள்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், 40 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்தனர். ஏனைய 16 பேர் பயிற்சி செய்யவில்லை. இரு குழுவினருக்கும் நோயின் கடுமையிலும் நீடித்த நாள்களிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1997 இல் வெளியான மற்றோர் ஆய்வில், தடிமன் கண்டிருந்தபோது நுரையீரலின் செயற்பாட்டு அளவுகளும் பயிற்சியைத் தாங்கும் திறனும் குறையவில்லை எனத் தெரியவந்தது.

பயிற்சியின் கடுமை "இதயத்துடிப்புக் கையிருப்பில்" 70 விழுக்காடாக அமைக்கப்பட்டிருந்தது. ஓய்வின்போதுள்ள துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையிலான வேறுபாடே கையிருப்பு ஆகும். எடுத்துக்காட்டாக, ஓய்வில் நிமிடத்துக்கு 70 துடிப்பும் உச்சத்தில் 190 துடிப்பும் உள்ள ஒருவருக்குக் கையிருப்பு 120. அதில் 70 விழுக்காடு 84 என்பதால், பயிற்சியின்போது துடிப்பு 154 ஆக இருக்கும்.

இம்முடிவுகள் இரு வகையிலும் பொருள்படுபவை. மிதமான பயிற்சி தடிமனைக் கூட்டுவதில்லை. அதேவேளை "வியர்வையோடு சளியும் வெளியேறிவிடும்" என்று பரவலாகச் சொல்லப்படுவதைப்போல் அதனை விரைந்து குணப்படுத்துவதும் இல்லை. மேலும், ஆய்வில் பங்குகொண்டவர்கள் நலமுள்ள இளைஞர்கள். செலுத்தப்பட்டது தீங்கு குறைந்த ஒரு வைரசு. ஆகவே இம்முடிவுகளை இன்புளுயன்சாவுக்கோ, முதியவர்களுக்கோ, நெடுந்தொலைவு ஓட்டம் போன்ற கடும் பயிற்சிக்கோ அப்படியே பொருத்த இயலாது.

பயிற்சியும் தொற்று ஏற்படும் வாய்ப்பும்

பயிற்சியினால் தடிமன் வரும் வாய்ப்பு கூடுமா, குறையுமா என்பது இதனோடு தொடர்புடைய மற்றொரு கேள்வி. 1982 இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த 56 கிலோமீட்டர் ஓட்டத்தின்பின், ஓடியவர்களுள் 33.3 விழுக்காட்டினருக்கும் ஓடாதவர்களுள் 15.3 விழுக்காட்டினருக்கும் மேல் மூச்சுப்பாதைத் தொற்றுக் குறிகள் தோன்றின. 1987 இல் லாசு ஏஞ்சல்சு மராத்தனுக்கு அடுத்த வாரத்தில், ஓடியவர்களுள் 12.9 விழுக்காட்டினரும், ஒத்த பயிற்சி பெற்றிருந்தும் ஓடாதவர்களுள் 2.2 விழுக்காட்டினரும் தொற்று ஏற்பட்டதாகத் தெரிவித்தனர்.

மராத்தன் ஆய்வை நடத்திய டேவிட் நீமன், மிதமான பயிற்சி தொற்று வாய்ப்பைக் குறைக்கிறது, மிகக் கடும் பயிற்சி அதனைக் கூட்டுகிறது என்ற கருத்தை வளைகோட்டு வரைபடமாக 1990களில் முன்வைத்தார். 2011 இல் அவரது குழு வெளியிட்ட ஆய்வில் 1002 பேர் 12 வாரங்கள் கண்காணிக்கப்பட்டனர். வாரத்தில் ஐந்து நாள்களோ அதற்கு மேலோ பயிற்சி செய்தவர்கள் நோயுற்றிருந்த நாள்கள், பயிற்சியற்றவர்களைவிட 43 விழுக்காடு குறைவாக இருந்தன. வரைபடத்தின் மறுபாதி கேள்விக்கு உள்ளாகியுள்ளது. ஓட்டத்துக்குப் பின்னர் சொல்லப்படும் தொண்டை வலி எல்லாம் தொற்று அல்ல என்றும், கூட்டநெரிசல், பயணம், தூக்கக்குறைவு ஆகியவையும் காரணமாகலாம் என்றும் 2018 இல் கேம்பெல், டர்னர் ஆகிய இருவரும் வாதிட்டனர்.

காய்ச்சலும் பயிற்சியும்

காய்ச்சலின்போது உடலின் வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 கூடுகிறது. பயிற்சியும் வெப்பத்தை உண்டாக்குவதால், ஏற்கெனவே சூடேறிய உடல் மேலும் சூடேறுகிறது, நீரிழப்பும் மிகுகிறது. தசைவலிமையும் தாங்குதிறனும் குறைந்திருப்பதால் அந்நாளில் செய்யும் பயிற்சியால் கிடைக்கும் பயனும் சிறிதே. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இது வெப்பத்தாக்குக்கு வழிவகுக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் 7031 நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் மேற்கொள்ளப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வின்படி, போட்டிக்கு முந்தைய 8 முதல் 12 நாள்களில் 13 பேருக்கு ஒருவர் உடல் முழுவதற்குமான நோய்க்குறிகளைக் கொண்டிருந்தார். அவ்வாறிருந்தும் ஓடத் தொடங்கியவர்கள், ஓட்டத்தை முடிக்காமல் விலகும் வாய்ப்பு 1.9 மடங்காக இருந்தது.

இதயத்தசை அழற்சி

நோயின்போது கடும் பயிற்சியைத் தவிர்க்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு முதன்மையான காரணம் இதயத்தசை அழற்சி ஆகும். காக்சாக்கி பி வைரசு, அடினோவைரசு, இன்புளுயன்சா வைரசு முதலியன சில வேளைகளில் இதயத்தசையைத் தாக்குகின்றன. வீக்கமுற்ற தசையில் மின்னோட்டம் சீர்குலைந்து, உழைப்பின்போது இதயம் திடீரென நின்றுபோகலாம். இது அரிதாகவே நிகழ்கிறது. எனினும் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் இறப்புக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று.

1970 இல் வெளியான ஆய்வொன்றில், காக்சாக்கி பி3 வைரசு தொற்றிய எலிகள் நீந்துமாறு செய்யப்பட்டன. ஓய்வில் வைக்கப்பட்ட எலிகளைவிட நீந்தியவற்றின் இதயத்தில் வைரசு பல நூறு மடங்கு பெருகியிருந்தது. இறந்தவற்றின் எண்ணிக்கையும் மிகுந்தது. எலிகளிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாதெனினும், இவ்வாய்வு பிற்கால அறிவுரைகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

சுவீடனில், நிலப்படமும் திசைகாட்டியும் கொண்டு காட்டுவழியே ஓடும் திசையறி ஓட்டத்தில் ஈடுபட்ட 16 இளம் வீரர்கள் 1979 முதல் 1992 வரையான காலத்தில் திடீரென இறந்தனர். அவர்களுள் 15 பேர் ஆண்கள், ஒருவர் பெண். பிணப் பரிசோதனைகளில் பலரிடம் இதயத்தசை அழற்சி காணப்பட்டது. கிளமிடியா நிமோனியே என்னும் பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என ஐயுறப்பட்டாலும் அது உறுதிசெய்யப்படவில்லை. 1992 இன் இறுதியில் தொடங்கி ஆறு மாதங்களுக்குக் கடும் பயிற்சியும் உயர்நிலைப் போட்டிகளும் நிறுத்திவைக்கப்பட்டன. தொற்று உள்ளபோது பயிற்சி செய்யக்கூடாது என்று வீரர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அதற்கடுத்த மூன்று ஆண்டுகளில் இத்தகைய இறப்பு எதுவும் பதிவாகவில்லை.

நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், சிறு உழைப்புக்கே மூச்சுவாங்குதல் ஆகியவை தடிமனின்போதோ அதன் பின்னரோ தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். இதயத்தசை அழற்சி உறுதியானால் 3 முதல் 6 மாதங்கள் வரை போட்டிகளைத் தவிர்க்குமாறு 2015 இல் வெளியான அமெரிக்க இதய மருத்துவப் பரிந்துரைகள் கூறின.

சிறப்புக் கவனம் வேண்டுவோர்

• ஈழை (ஆசுத்துமா) உள்ளவர்கள்: ரைனோவைரசுத் தொற்று ஈழை மோசமடைவதற்கான முதன்மையான தூண்டல்களுள் ஒன்று. தடிமனோடு செய்யும் கடும் பயிற்சி மூச்சுக்குழல்களை மேலும் சுருங்கச் செய்யலாம்.
• நீருள் மூழ்குவோர்: மூக்கடைப்பினால் நடுச்செவியின் அழுத்தம் சமனாகாது, செவிப்பறை கிழியக்கூடும். எனவே தடிமனின்போது மூழ்குதல் தவிர்க்கப்படுகிறது.
• சிரசாசனம் போன்ற தலைகீழ் ஆசனங்கள் செய்வோர்: தலைக்குக் குருதி மிகுதியாகப் பாய்வதால் மூக்கடைப்பும் தலைக் கனமும் கூடுகின்றன.
• தொண்டை வலி கடுமையாக இருக்கும் இளைஞர்கள்: எப்சுடைன்-பார் வைரசால் வரும் சுரப்பிக் காய்ச்சல் தொடக்கத்தில் தொண்டை வலியாகவே தோன்றும். இதில் மண்ணீரல் வீங்குவதால் உதைபந்தாட்டம், கபடி போன்ற உடல் மோதும் ஆட்டங்களில் அது வெடிக்கும் இடர் உண்டு. நோய் தொடங்கியதிலிருந்து குறைந்தது மூன்று வாரங்கள் இவ்வாட்டங்கள் தவிர்க்கப்படுகின்றன.

மருந்துகள்

பாரசிட்டமோல் போன்ற மருந்துகள் காய்ச்சலையும் வலியையும் தணிப்பதால் கழுத்திற்குக் கீழ்ப்பட்ட குறிகளை மறைத்துவிடுகின்றன. மாத்திரை எடுத்தபின் தோன்றும் நலத்தை வைத்துப் பயிற்சிக்குச் செல்வது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். பழைய வகை ஒவ்வாமை எதிர்ப்பு மருந்துகள் தூக்கக் கலக்கத்தை உண்டாக்குவதோடு வியர்வையையும் குறைக்கின்றன. மூக்கடைப்பு நீக்கும் மாத்திரைகள் இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கூட்டுகின்றன.

போட்டியாளர்களுக்கு இதில் வேறொரு சிக்கலும் உண்டு. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் சீருடற்பயிற்சி வீராங்கனை அந்திரேயா ரதுக்கான், தடிமனுக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோயெபிட்ரின் இருந்தமையால் தனிநபர் பல்பிரிவுப் போட்டியின் தங்கப் பதக்கத்தை இழந்தார். அப்போது அவருக்கு வயது 16. விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் அவர் செய்த மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. இம்மருந்து 2004 இல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, 2010 இல் மீண்டும் சேர்க்கப்பட்டது. சிறுநீரில் மில்லிலீட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் போட்டிக் காலத்தில் அது குற்றமாகும்.

பிறருக்குத் தொற்றுதல்

கழுத்து விதி நோயாளியின் நலனை மட்டுமே கருத்திற்கொள்கிறது. உடன் பயிற்சி செய்பவரின் நலன் அதில் இடம்பெறுவதில்லை. தடிமன் கைகள் வழியாகவும், தும்மல், இருமல், மூச்சு ஆகியவற்றில் வெளிப்படும் துகள்கள் வழியாகவும் பரவுகிறது. குறிகள் கடுமையாக இருக்கும் முதல் சில நாள்களிலேயே வைரசு மிகுதியாக வெளியேறுகிறது. 2022 இல் செருமனியில் வெளியான ஆய்வொன்றில், ஓய்வின்போது நிமிடத்துக்குச் சராசரியாக 580 ஆக இருந்த மூச்சுத்துகள்களின் எண்ணிக்கை, உச்ச உழைப்பின்போது 76,200 ஆக உயர்ந்தது.

ஆகையால் மூக்கொழுகலுடன் தனியே திறந்தவெளியில் நடப்பதும், மூடிய உடற்பயிற்சிக் கூடத்தில் பலருடன் பயிற்சி செய்வதும் ஒன்றல்ல. பளுக்கருவிகளின் கைப்பிடிகள், ஒரே தண்ணீர்ப் புட்டி, ஒரே துண்டு ஆகியவற்றைப் பகிர்வதும் தொற்றுக்கு வழியாகும்.

பயிற்சிக்குத் திரும்புதல்

காய்ச்சல் தணிக்கும் மருந்து இல்லாமலே குறைந்தது 24 மணிநேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பின்னரே பயிற்சியைத் தொடங்குவது வழக்கம். முதல் நாளில் நடை அல்லது மெல்லோட்டம் போன்ற இலேசான பயிற்சி செய்து, அன்றும் மறுநாளும் குறிகள் திரும்பாவிடின் நேரத்தையும், பின்னர் வேகத்தையும் படிப்படியாகக் கூட்டலாம். காலையில் எழுந்தவுடன் எண்ணப்படும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் உடல் இன்னும் தேறவில்லை எனக் கொள்ளப்படுகிறது.

ஓய்வெடுத்தால் பெற்ற உடற்திறன் போய்விடும் என்ற அச்சமே பலரை நோயோடு பயிற்சி செய்யத் தூண்டுகிறது. உண்மையில் ஒரு வார ஓய்வில் உடற்திறன் பெரிதாகக் குறைவதில்லை. இரண்டு முதல் நான்கு வாரங்கள் பயிற்சியின்றி இருந்தாலே குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படுகிறது. ஓய்வினால் வரும் இழப்பு சிறியது, மீட்கக்கூடியது. காய்ச்சலோடு உழைப்பதால் வரக்கூடிய இழப்பு அரிதெனினும் சில வேளை மீட்க முடியாதது. ஐயம் உள்ளபோது ஓய்வையே தேர்ந்தெடுக்குமாறு மருத்துவர்கள் கூறுவதற்கு இவ்வேறுபாடே அடிப்படை.

விதியின் வரம்புகள்

கழுத்து விதி மருத்துவர்களின் பட்டறிவிலிருந்து உருவான ஓர் எளிய வழிகாட்டி மட்டுமே. இதயத்தைத் தாக்கும் வைரசும் முதல் நாளில் மூக்கொழுகலாகவே தோன்றலாம். எனவே நோய் தொடங்கிய முதல் ஓரிரு நாள்களில் கடும் பயிற்சியை எவ்வாறாயினும் தவிர்ப்பது நல்லது எனச் சிலர் கருதுகின்றனர்.

2020 முதல் கோவிட்-19 உலகெங்கும் பரவியதன்பின் இவ்வரம்பு மேலும் தெளிவாகியது. கோவிட்-19 பலருக்கு வெறும் தடிமனாகவே தோன்றுவதால், பரிசோதனை இன்றி இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். அதன்பின் நீடித்த களைப்புக்கு உள்ளாகும் சிலருக்கு, சிறிது உழைத்தாலே மறுநாளில் சோர்வு பன்மடங்காகிறது. இத்தகையோருக்குப் பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் வழக்கமான முறை பொருந்துவதில்லை.

இவற்றையும் பார்க்க

• தடிமன்
• இன்புளுயன்சா
• இதயத்தசை அழற்சி
• உடற்பயிற்சி
• ஊக்கமருந்து